தளம் போடும் நாளும் தண்ணீர்க் கணக்கும்

ரூஃப் போடும் அன்று காலையில் மிக்ஸர் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சிமெண்ட் மூட்டையை எண்ணித்தான் பிரிப்பார்கள். மணலுக்கும் ஜல்லிக்கும் பாண்டுச் சட்டிக் கணக்கு இருக்கும். தண்ணீருக்கு மட்டும் ஒரு ஹோஸ். மிக்ஸர் ஓட்டுபவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்து "இன்னும் கொஞ்சம் விடு" என்பார். கலவை கொழகொழவென்று இருந்தால் தூக்குபவருக்கும் சுலபம், பரப்புபவருக்கும் சுலபம். மறுவாரம் அதே தளத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரம் வரும்போது லாரித் தண்ணீரின் விலை நினைவுக்கு வந்து, "ரெண்டு வேளை தெளிச்சா போதும்" என்று பேச்சு முடிந்துவிடும்.

இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் வாரி இறைப்பது, வாரி இறைக்க வேண்டிய இடத்தில் இறுக்கிப் பிடிப்பது. சென்னையில் வீடு கட்டுபவர்கள் சிமெண்ட் பிராண்டைப் பற்றி ஒரு மாதம் விசாரிக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கணக்குதான். அதற்கு முதலில் மூட்டைக்குள் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டு சிமெண்ட்டுக்குப் பெரும் ஊற்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். டைனோசர் காலத்தில் கடலடியாக இருந்த இடம் அது. குவாரிகளில் இன்றும் சிப்பிப் படிவங்கள் கிடைக்கின்றன. ஒரு வகையில் இது நம் பழைய கிளிஞ்சல் சுண்ணாம்பின் தொடர்ச்சிதான். 1904-ல் இந்தியாவில் முதன்முதலாக போர்ட்லாண்ட் சிமெண்ட் செய்து பார்த்ததும் மெட்ராஸில்தான். மூலப்பொருள் கடற்சிப்பி. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் தொழில் வேரூன்றியது.

சுண்ணாம்புக்கல்லோடு களிமண் வகை, கொஞ்சம் இரும்புத்தாது சேர்த்து மாவாக அரைக்கிறார்கள். சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, இரும்பு என்ற நான்கும் சரியான விகிதத்தில் வந்தாக வேண்டும். சூளையில் சுட்டு வரும் உருண்டைக்குக் கிளிங்கர் என்று பெயர், அது ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் போகும். அந்த மாவு உயரமான கோபுரத்தில் அடுக்கடுக்காக நிற்கும் சைக்ளோன்கள் வழியே கீழே விழுகிறது. சூளையிலிருந்து வரும் சூடான காற்று எதிரே மேலேறுகிறது. 900 டிகிரி வாக்கில் சுண்ணாம்புக்கல் உடைந்து கரியமில வாயு பிரிந்து போகும். சுத்தமான 1,000 கிலோ சுண்ணாம்புக்கல்லில் 440 கிலோ இப்படிக் காற்றோடு போய்விடுகிறது. சிமெண்ட் ஆலையின் கரியமில வாயு எரிபொருளில் இருந்து மட்டும் வருவதில்லை. கல்லுக்குள்ளேயே இருந்ததுதான் பெரும்பகுதி.

பிறகு சூளை. லேசான சரிவில் படுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு மூன்று, நான்கு முறை சுற்றும் பெரிய இரும்புக் குழாய். உள்ளே செங்கல் பூச்சு, கீழ் முனையில் தீ. மாவு 1,450 டிகிரியைத் தொடும்போது பாதி உருகி, உருண்டு, கோலிக்குண்டு அளவு கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாகிறது. அதுதான் கிளிங்கர். சூடு போதாவிட்டால் சேராத சுண்ணாம்பு உள்ளே தங்கிவிடும். கட்டிய பிறகு அது மெதுவாக நீர் குடித்து உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். சூளையை விட்டு வந்த கிளிங்கரைச் சட்டென்று குளிர்விப்பதும் முக்கியம். ஆறப்போட்டால் பலம் தரும் ட்ரைகால்சியம் சிலிக்கேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும்.

இந்த ட்ரைகால்சியம் சிலிக்கேட்தான் முதல் மாதத்துப் பலம். டைகால்சியம் சிலிக்கேட் நிதானமாக மாதக்கணக்கில் பலம் கூட்டும். அலுமினேட் என்று ஒரு முன்கோபி உண்டு, தண்ணீர் பட்ட நொடியே சூடாகி இறுகப் பார்க்கும். அதை அடக்கத்தான் அரைக்கும்போது 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சம் இல்லாவிட்டால் கலவை பாண்டிலேயே கல்லாகிவிடும். ஜிப்சம் இருப்பதால்தான் கலந்து, தூக்கி, கொட்டி, மட்டம் பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. விதிப்படி ஆரம்ப இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் வரக்கூடாது, கடைசி இறுக்கம் 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

கடையில் "53 கிரேடு குடுங்க, அதுதான் ஸ்ட்ராங்" என்று கேட்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். 53 என்பது ஆய்வுக்கூடத்தில் தரப்படுத்திய மணலோடு செய்த சின்னக் கட்டி 28 நாளில் தாங்கும் அளவு, சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன். உங்கள் கான்கிரீட்டின் பலம் அதுவல்ல. வீட்டுக்கு இப்போது அதிகம் விற்பது பி.பி.சி., அதாவது 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. சாம்பல் கலப்பு என்றதும் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தேவையில்லை. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது உபரியாக வரும் சுண்ணாம்பை அந்தச் சாம்பல் பிடித்துப் பசையாக்குகிறது, நுண்துளைகள் அடைபடுகின்றன, உப்பு உள்ளே போவது குறைகிறது. கடலோர ஊருக்கு அது லாபம். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட்டும் இதே காரணத்துக்காக நல்லது. இரண்டுக்கும் ஒரு நிபந்தனை: ஆரம்பப் பலம் மெதுவாக வரும், ஆகவே தண்ணீர் கட்டும் நாட்களும் கூடும்.

மூட்டையின் ஓரத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு இறக்குங்கள். மூன்று மாதம் கிடந்த மூட்டை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும் என்பது பழகிய கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைவிடச் சீக்கிரம் கெடும். தரையில் நேராக அடுக்காமல் பலகை போட்டு அரையடி உயர்த்தி, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் போகாமல் அடுக்கி, தார்ப்பாய் மூட வேண்டும். விரலால் நசுக்கினால் உதிரும் கட்டி பரவாயில்லை. நசுங்காத கட்டி இருந்தால் அந்த மூட்டை கான்கிரீட்டுக்கு ஆகாது.

ஜல்லி விஷயத்தில் சென்னைக்குக் கொடுப்பினை. இங்கே கிடைக்கும் கருநீலக் கல் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரப் பக்கத்துக் கல் போனதால் வந்த பெயர் அது. கெட்டியான, தண்ணீர் அதிகம் குடிக்காத கல். தளத்துக்கு முக்கால் ஜல்லி, அதாவது 20 மி.மீ. கம்பி நெருக்கமான இடத்தில் அதோடு அரை ஜல்லியும் கலந்தால் இடுக்கில் இறங்கும். தட்டையாகவும் ஊசியாகவும் இருக்கும் ஜல்லி வந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். அது அதிகத் தண்ணீர் கேட்கும், இடையில் ஓட்டையும் விடும்.

மணல் இப்போது எம் சாண்ட்தான், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல். பூச்சுக்கு விற்கும் பி சாண்டைக் கான்கிரீட்டில் போடக்கூடாது, மாவு அதிகம். கல் உடைக்கும் தூசியையே எம் சாண்ட் என்று ஏற்றி அனுப்புவதும் நடக்கிறது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மேலே பால்போலத் தடித்த படிவு நின்றால் சந்தேகப்படலாம்.

ஈர மணலில் இன்னொரு ஏமாற்று உண்டு, இதைச் செய்வது மனிதர் இல்லை, இயற்கை. ஐந்து சதவீதம் ஈரம் இருந்தால் மணல் கால்பங்கு வரை உப்பிக்கொள்ளும். ஒன்றரைப் பெட்டி போட்டதாக நினைப்பீர்கள், உள்ளே இருப்பது ஒன்றேகால் பெட்டிகூட இராது. மறுபக்கம் அந்த மணல் ஒரு மூட்டைக் கலவைக்கு நான்கு லிட்டர் தண்ணீரைத் தானே கொண்டுவரும். மழை விட்ட மறுநாள் போடும் கான்கிரீட் நீர்த்துப்போவது இதனால்தான்.

அளவுக்கு வருவோம். 50 கிலோ மூட்டையின் கொள்ளளவு 35 லிட்டர், ஒன்றேகால் கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே உள்ளளவு 30-க்கு 30-க்கு 39 சென்டிமீட்டரில் ஒரு மரப்பெட்டி செய்தால் அது ஒரு மூட்டைக்குச் சமம். எம் 20-க்கு (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்) வழக்கமான ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்றால், மூட்டை ஒன்று, மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. பாண்டால் அளந்தால் சித்தாள் கை அசந்த நேரத்தில் குறையும், குவித்தால் கூடும், பெட்டியில் தலை தட்டிவிட்டால் சண்டை இல்லை. இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை போகும். ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் கிட்டத்தட்ட 12 கன மீட்டர், 95 மூட்டை. பீம் தனி.

இதே கலவைக்குத் தண்ணீர் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டால் ஒன்றேகால். அவ்வளவுதான். சிமெண்ட் தன் வேதிவேலைக்குக் கேட்பது இதைவிடக் குறைவு. மிச்சம் கலவை நகர்வதற்கு. நகர்ந்து முடிந்ததும் அந்த மிச்சத் தண்ணீர் வெளியேறி, போன வழியெல்லாம் மயிரிழைக் குழாய்களை விட்டுச் செல்லும். 25 லிட்டருக்குப் பதில் 35 விட்டால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5-லிருந்து 0.7-க்கு ஏறி, பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கும். மூட்டையைக் கூட்டாமல் பலத்தைக் கூட்டவும், செலவே இல்லாமல் பலத்தைக் கெடுக்கவும் ஹோஸ் ஒன்றுதான் வழி. கலவை கட்டியாக இருக்கிறது என்று மேஸ்திரி சொன்னால் அவர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் அதற்கு மருந்து சூப்பர் பிளாஸ்டிசைசர், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்குவது. மூட்டைக்கு 250 முதல் 500 கிராம் வரை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி, கடைசித் தண்ணீரோடு கலந்து விட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்பதைப் போலவே எந்தத் தண்ணீர் என்பதும் பெரிது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர்., எண்ணூர்ப் பக்கங்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐ.எஸ். 456. சிமெண்ட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு அதைத்தான் முதலில் துளைக்கும். துரு, போன இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாமல் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். கடலோரத் தெருக்களில் சன்ஷேடின் அடிப்பக்கமும் பால்கனி ஓரமும் பெயர்ந்து கம்பி தெரிவது இப்படித்தான். கட்டுமானம் தொடங்கும் முன் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேப்பில் கொடுத்துப் பாருங்கள். நாக்கில் கரிப்புத் தெரியாத தண்ணீரும் இந்த அளவைத் தாண்டியிருக்கலாம்.

கம்பிக்குக் கவர் எவ்வளவு, அதாவது கம்பிக்கு வெளியே எவ்வளவு தடிமன் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. விதிப்படி கடற்காற்று நேராகப் படும் இடத்தில் எம் 30 கான்கிரீட், 45 மி.மீ. கவர். கடலை விட்டுத் தள்ளி, நன்றாக மறைந்த இடத்துக்கு எம் 20, 20 மி.மீ. போதும். உங்கள் வீடு எந்த வகை என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டு வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். கவர் பிளாக் தீர்ந்துவிட்டது என்று ஜல்லித்துண்டைக் கம்பிக்கடியில் செருகுவதை அனுமதிக்காதீர்கள். அது புரண்டுவிடும், கம்பி சென்ட்ரிங் பலகைமேல் படுத்துக்கொள்ளும்.

ரெடிமிக்ஸ் எடுத்தால் பாதித் தலைவலி குறையும். வண்டி ஒன்றில் பொதுவாக 6 கன மீட்டர். தண்ணீர் சேர்த்த நேரம் ரசீதில் இருக்கும், அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். இறுகுவதைத் தள்ளிப்போட மருந்து சேர்த்திருந்தால் அந்த நேரத்தை ஆலையே எழுதித் தர வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டால் கலவை இறுகத் தொடங்கும். டிரைவர் வண்டியில் உள்ள டேங்கைத் திறக்கப் பார்ப்பார். 320 கிலோ சிமெண்ட்டுக்கு 160 லிட்டர் என்று ஆலையில் கணக்குப் போட்டு அனுப்பியதில், கன மீட்டருக்கு 20 லிட்டர் கூட விட்டால் விகிதம் 0.50-லிருந்து 0.56. காசு கொடுத்து வாங்கிய டிசைன் அங்கேயே போயிற்று. கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்லம்ப் கூம்பு ஒன்று சைட்டில் இருக்கட்டும். பம்ப்பில் போகும் கலவைக்கு 120 முதல் 150 மி.மீ. இறக்கம் போதும்.

கொட்டும்போது ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேலிருந்து போடக்கூடாது. போட்டால் ஜல்லி கீழே, சிமெண்ட் பால் மேலே என்று பிரியும். தூண் (காலம்) அடியில் தேன்கூடு, அதாவது ஜல்லிக்கிடையே ஓட்டை ஓட்டையாக, விழுவதற்கு இது ஒரு காரணம். சென்ட்ரிங் பெட்டி இடுக்கில் பால் ஒழுகுவதும் வைப்ரேட்டர் எட்டாததும் மற்றவை. வைப்ரேட்டர் நீடிலை நேராக இறக்கி, குமிழி நிற்கும்வரை, பத்து விநாடி வாக்கில் வைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். அதைக் கொண்டே கலவையை இழுத்துப் பரப்புவது தவறு. தேன்கூடு விழுந்தால் அன்றே பூசி மறைத்துவிடும் பழக்கம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் மிகக் கெட்ட பழக்கம். உதிரும் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, சுருங்காத கிரவுட் அல்லது மைக்ரோ கான்கிரீட் கொண்டு அடைக்க வேண்டும். இன்ஜினியர் பார்க்கும் முன் யாரும் கரண்டி எடுக்கக்கூடாது.

கத்திரி வெயிலில் நடுப்பகலில் தளம் போடுவது பணத்தை வெயிலில் காயப்போடுவதுதான். அதிகாலையில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் மாலையில். ஜல்லியை முதல்நாள் நனைத்து நிழல் கட்டி வையுங்கள். கொட்டிய இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தளத்தில் கோடு கோடாக வெடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். கீழிருந்து தண்ணீர் மேலேறும் வேகத்தைவிட வெயிலும் கடற்காற்றும் அதை உறிஞ்சும் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். இறுகுவதற்குள் மீண்டும் மணியாசுக் கட்டையால் தேய்த்து மூடிவிட்டு, பிளாஸ்டிக் ஷீட் போர்த்த வேண்டும். அந்த வெடிப்பின்மேல் உலர்ந்த சிமெண்ட்டைத் தூவித் தேய்ப்பது மேல்தோலை மட்டும் மினுக்கும். பிறகு அது பொருக்காக உரியும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகுவது. சிமெண்ட் அப்படி இல்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. அதனால்தான் கடலுக்கடியிலும் அது கெட்டியாகிறது. "தளம் காய்ந்துவிட்டது" என்று நாம் சொல்வதே தவறான பேச்சு. காய்ந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். ஆகவே மறுநாளே கலவையால் இரண்டங்குல வரப்பு வைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். விதியில் உள்ள 7 நாள் சாதாரண சிமெண்ட்டுக்கு. வெயில் ஊருக்கும் பி.பி.சி.க்கும் குறைந்தது 10 நாள், 14 என்றால் இன்னும் நல்லது.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி 93 சதுர மீட்டர். ஓரங்குலம் தண்ணீர் நிறுத்த 2,300 லிட்டர். நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 560 லிட்டர் சேர்க்க வேண்டும். பத்து நாளைக்கு 9,000 லிட்டர் லாரி ஒன்று தாராளம். 95 மூட்டையின் விலைக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. உப்புப் போர் தண்ணீரை இதற்கும் கட்டாதீர்கள். தளத்துக்காவது பாத்தி கட்டுகிறார்கள், தூண்தான் அநாதை. ஈரச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டிவிட்டால் நாளுக்கு இருமுறை நனைத்தாலே போதும்.

பலத்தைச் சோதிக்கக் கியூப், அதாவது கான்கிரீட் கட்டி, எடுத்து வையுங்கள். 150 மி.மீ. பெட்டி, 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 15 வரை இரண்டு. ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப். 28 நாளில் எம் 20 கியூப் 450 கிலோநியூட்டனை, ஏறக்குறைய 46 டன் எடையை, தாங்கியாக வேண்டும். சிமெண்ட் அதிகமாகப் போட்டுக் கியூபுக்கென்று தனிக் கலவை செய்வதையும் பார்க்கலாம். தளத்தில் கொட்டும் பாண்டிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

சவுக்கு முட்டோ இரும்பு ஜாக்கியோ, எடுக்கும் முன் நாலரை மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரை பீமுக்கு 14, தாண்டினால் 21. இது சாதாரண சிமெண்ட்டுக்கு, பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் விடுங்கள். பால்கனி, சன்ஷேடு போன்றவற்றுக்கு முட்டுகளை வெளிமுனையிலிருந்து சுவர்ப்பக்கமாக எடுத்து வர வேண்டும், மாற்றி எடுத்தால் சுமை தலைகீழாகப் போய் அடிப்பக்கம் வெடிக்கும். முட்டு எடுத்த மறுநாளே மேல்மாடிச் சுவருக்குச் செங்கல் ஏற்றுவார்கள். வீட்டுத் தளம் தாங்க வேண்டிய பாரத்தின் கணக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஒரு மீட்டர் உயரத்துக்குச் செங்கல் அடுக்கினால் அதே சதுர மீட்டரில் ஒன்றரை டன்னுக்கு மேல். பீமுக்கு மேலேயும் சுவருக்கு மேலேயும் முழங்கால் உயரத்துக்குள் பரப்பி இறக்கச் சொல்லுங்கள்.